வேதத்தில் தர்க்கக் கேள்வி எழுந்தால் பதில் தயாரிப்பது எப்படி? – சபைக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மண்டபத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கெழுதிப் பிழைக்கிறவன் நான். இறையியல் படித்தவன் அல்லன். சில ஆண்டுகளுக்கு முன், மீன்பிடித் தடைக்காலத்தில், பாம்பனில் விசைப்படகுக்குப் போகும் என் தங்கை கணவர் வீட்டுக்கு இரண்டு பேர் ஒரு சிறு புத்தகத்தோடு வந்து, இயேசு தேவன் அல்ல, தேவன் முதன்முதலாகப் படைத்த சிருஷ்டிதான் என்று கொலோசெயர் 1:15ஐக் காட்டிப் பேசிவிட்டுப் போனார்கள். அவர் என்னைக் கூப்பிட்டு, "மச்சான், நீங்கதான் வேதபாட வகுப்புக்கெல்லாம் போறீங்களே, அடுத்த வாரம் அவங்க வரும்போது வந்து பதில் சொல்லுங்க" என்றார். நானும் போனேன். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே தேவன் என்ற திரித்துவத்துக்கு ஆதாரமாக 1 யோவான் 5:7ஐ எடுத்துப் பெருமையோடு வாசித்தேன். வந்தவர் பதற்றமே இல்லாமல், அந்த வரி பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் இல்லை என்று சொல்லி, மேசைமேல் கிடந்த இன்னொரு தமிழ் வேதாகமத்தைத் திறந்து, அந்த வசனத்தில் அவ்வரி இல்லாததையும் காட்டினார். என் விசுவாசம் சரியாகத்தான் இருந்தது, நான் கொண்டுபோன ஆதாரம்தான் செல்லாததாக இருந்தது. ஆனால் அந்த வேறுபாட்டை என் தங்கை பிள்ளைகளுக்கு அன்று விளக்க என்னால் முடியவில்லை.

அதன்பிறகு ஒழுங்கான ஒரு பதிலை எழுதி முடிக்க எனக்கு ஐந்து வாரம் ஆயிற்று. முறை தெரிந்திருந்தால் மூன்று வாரத்தில் முடிந்திருக்கும். அந்த முறையைத்தான் கீழே வரிசையாக எழுதுகிறேன். வேதம் தேவனுடைய வார்த்தை, அது தவறிழைக்காதது, திருச்சபை அறிக்கையிட்டு வந்த உபதேசம் மெய்யானது என்று நம்புகிறவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். அந்த நம்பிக்கை இல்லாதவர்களுக்கும் ஒரு பகுதியை நேர்மையாக வாசிப்பதற்கு இந்த முறை உதவக்கூடும்.

1. அன்றைக்கே பதில் சொல்லாதீர்கள். கேள்வியை எழுத்தில் வாங்குங்கள்

முதல் தவறு வாசற்படியிலேயே நடந்துவிடுகிறது. யாராவது ஒரு வசனத்தைக் காட்டிக் கேட்டவுடன், நமக்குத் தெரிந்த வேறொரு வசனத்தை எடுத்து எறிகிறோம். அவர் மூன்றாவது ஒன்றை எடுக்கிறார். அரை மணி நேரத்தில் இருபது வசனங்கள் பறந்திருக்கும், எதையும் எவரும் வாசித்திருக்க மாட்டார்கள். ஆகையால், "நல்ல கேள்வி, மூன்று வாரம் கொடுங்கள், எழுதியே தருகிறேன்" என்று சொல்லிவிடுங்கள். அப்படிச் சொல்வதில் அவமானம் ஒன்றும் இல்லை.

கேள்வியை ஒரு தாளில், கேட்டவருடைய சொற்களிலேயே எழுதி, அவரிடம் வாசித்துக் காட்டி, இதுதானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். அவர் ஏதாவது புத்தகத்திலிருந்து கேட்டிருந்தால் அந்தப் பக்கத்தையும், அதற்கு முன்பக்கம், பின்பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். நான் முதலில் ஒரே பக்கத்தை மட்டும் எடுத்தேன். அவர்களுடைய வாதத்தின் பாதி அடுத்த பக்கத்தில் இருந்தது, அதைப் பார்க்க மறுபடியும் பாம்பனுக்கு பஸ் ஏற வேண்டியதாயிற்று.

2. கேள்வி எந்தத் தட்டில் விழுகிறது என்று தீர்மானியுங்கள்

எல்லாக் கேள்விகளுக்கும் ஒரே அளவு உழைப்பும் ஒரே அளவு உறுதியும் தேவையில்லை. நான் மூன்று தட்டாகப் பிரித்துக்கொள்கிறேன். முதல் தட்டில் திரித்துவம், கிறிஸ்துவின் தேவத்துவம், கன்னிப்பிறப்பு, சிலுவை மரணத்தின் பாவநிவாரணம், சரீர உயிர்த்தெழுதல் ஆகியவை வரும். இவற்றில் ஒன்றை விட்டாலும் அது வேறொரு மார்க்கமாகிவிடும் என்பதால் இங்கே விட்டுக்கொடுக்க இடமில்லை. இரண்டாம் தட்டில், மெய்யான விசுவாசிகளே தங்களுக்குள் வேறுபட்டு வெவ்வேறு சபைகளாக நிற்கிற விஷயங்கள் வரும்: குழந்தை ஞானஸ்நானமா, கடலில் முழுக்கு ஞானஸ்நானமா என்பது நம் கடற்கரையில் ஒரே குடும்பத்துக்குள்ளேயே இருக்கிற வேறுபாடு. மூன்றாம் தட்டில் நகை அணிவது, பண்டிகை கொண்டாடுவது, ஆயிர வருட அரசாட்சியின் வரிசை போன்றவை வரும்.

இந்தப் பிரிவு எதற்கென்றால், மூன்றாம் தட்டுக் கேள்விக்கு முதல் தட்டுக் கோபத்தோடு பதில் எழுதுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். 1 பேதுரு 3:3ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நகை கூடவே கூடாது என்று சொல்லுகிறவர்கள் இதைத்தான் காட்டுவார்கள். நம் சபைகளில் வாசிக்கிற தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பான பழைய திருப்புதலில் "உயர்ந்த வஸ்திரங்களை" என்று இருக்கிறது. "உயர்ந்த" என்பதற்கு நேரான சொல் கிரேக்கத்தில் இல்லை, வஸ்திரம் உடுத்துதல் என்று மட்டுமே இருக்கிறது. வசனம் பொன்னாபரணத்தை முழுவதுமாகத் தடைசெய்கிறது என்று எடுத்தால், அதே மூச்சில் உடை உடுத்துவதையும் தடைசெய்கிறது என்று சொல்ல வேண்டிவரும். எது உங்களுக்கு அலங்காரம் என்பதே பேதுருவின் பேச்சு. இதை ஒரு பக்கத்தில் சாந்தமாக எழுதிக் கொடுத்துவிடலாம். நகையைக் கழற்றி வைத்திருக்கிற சகோதரியின் மனச்சாட்சியைக் குலைக்க வேண்டிய அவசியமும் இல்லை.

இராமேஸ்வரம் பக்கத்தில் புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி, அக்கம்பக்கத்தார் அன்போடு கொடுக்கிற பிரசாதத்தை என்ன செய்வது என்பது. இது இரண்டாம் தட்டுக்கும் மூன்றாம் தட்டுக்கும் நடுவில் நிற்கிறது. 1 கொரிந்தியர் 8ஆம் அதிகாரத்தை மட்டும் வாசித்தவர் ஒரு பதில் சொல்வார், 10:20, 21ஐ மட்டும் வாசித்தவர் வேறொன்று சொல்வார். 10:25 முதல் 28 வரை கடையில் விற்கிறதும், விருந்தில் வைக்கிறதும், "இது படைக்கப்பட்டது" என்று ஒருவர் அறிவித்துக் கொடுக்கிறதும் தனித்தனியாகப் பிரித்துச் சொல்லப்பட்டிருப்பதை இவர்கள் இருவரும் கேள்வி கேட்டவரும் சேர்ந்து உட்கார்ந்து வாசிக்க வேண்டும். மறுக்கும்போதும் கொடுக்கிறவருடைய மனம் நோகாதபடி மறுக்க வேண்டும் என்பது 10:32லேயே இருக்கிறது.

3. சேகரிக்க வேண்டியவை

முதலாவது, உங்கள் சபையில் வாசிக்கிற பழைய திருப்புதல் வேதாகமம். இணைவசனங்களோடு (தொடர்புடைய மற்ற வசனங்களின் குறிப்போடு) உள்ள பதிப்பாக இருந்தால் மிகவும் நல்லது.

இரண்டாவது, 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம். கத்தோலிக்க உறவினர் வீட்டில் கட்டாயம் இருக்கும், தங்கச்சிமடத்தில் எனக்கும் அப்படித்தான் கிடைத்தது. அதில் புத்தகப் பெயர்கள் மாறும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்: ஆதியாகமம் தொடக்கநூல், யாத்திராகமம் விடுதலைப் பயணம், உபாகமம் இணைச்சட்டம், நடபடிகள் திருத்தூதர் பணிகள். "நீதிமானாக்கப்படுதல்" என்று நாம் வாசிக்கிற இடத்தில் "கடவுளுக்கு ஏற்புடையவராதல்" என்று வரும். இது தெரியாமல் நான் ஒரு மாலை முழுவதும் உபாகமத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது, ஒவ்வொரு சொல்லும் வேதத்தில் எங்கெங்கே வருகிறது என்று பட்டியலிடுகிற ஒத்தவாக்கிய நூல் ஒன்று, அல்லது ஸ்ட்ராங் எண்களைக் காட்டுகிற இலவச மொபைல் செயலி ஒன்று. எபிரெய, கிரேக்க மூலச்சொல் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுக்கப்பட்டிருக்கிறது. கிரேக்க எழுத்து ஒன்றுகூடத் தெரியாதவரும் அந்த எண்ணை வைத்து ஒரே சொல் வேறு எங்கெல்லாம் வருகிறது என்று கண்டுபிடித்துவிடலாம்.

நான்காவது, சபை தன் விசுவாசத்தைச் சுருக்கமாக அறிக்கையிடுகிற விசுவாசப் பிரமாணங்கள்: அப்போஸ்தலருடைய பிரமாணமும் நிசேயா பிரமாணமும். சி.எஸ்.ஐ. ஆராதனை முறைமைப் புத்தகத்தில் இரண்டும் உண்டு. ஐந்தாவது, இருநூறு பக்க நோட்டு ஒன்று.

4. செலவும் காலமும்

எனக்கு ஆன செலவை மறைக்காமல் சொல்கிறேன். நோட்டு, ஜெராக்ஸ் எல்லாம் சேர்த்து நூறு ரூபாய்க்குள் முடிந்தது. இணைவசன வேதாகமம் சில நூறு ரூபாய். அட்டைக்கட்டுக்கும் எழுத்து அளவுக்கும் ஏற்ப விலை மாறும், தோல் அட்டைக்குப் பணம் கொடுக்காமல் பெரிய எழுத்துக்குக் கொடுங்கள். பெரிய செலவு மதுரைக்குப் போய் வந்ததுதான். அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரி போன்ற இடங்களில் நூலகம் இருக்கிறது, ஆனால் வெளியாட்கள் முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். நான் கேட்காமல் கிளம்பி முதல் பயணத்தை வீணாக்கினேன். இராமேஸ்வரம் தீவிலிருந்து போகிறவர்களுக்கு இப்போது சிரமம் குறைவு. 2025 ஏப்ரலில் பாம்பன் புதிய ரயில் பாலம் திறக்கப்பட்டதிலிருந்து ரயில் மறுபடியும் தீவுக்குள் வருகிறது. உண்மையில், முதல் தட்டுக் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு மதுரைக்குப் போகவே தேவையில்லை. மேலே சொன்ன ஐந்தும் போதும்.

காலத்தைப் பொறுத்தவரை, கேள்வி கேட்டவர் கடலுக்குப் போகிறவராக இருந்தால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலமே சிறந்தது. மற்ற மாதங்களில் விசைப்படகுக்காரரை அழைத்து உட்கார வைத்தால், கண் அயர்ந்துதான் கேட்பார். நாட்டுப்படகுக்கு அந்தத் தடை இல்லை என்பதால் வத்தை வைத்திருப்பவர்களைத் தனியாக விசாரித்து நாள் குறியுங்கள். ஜூலையில் தங்கச்சிமடம் வேர்க்காடு சந்தியாகப்பர் கோயில் திருவிழா நடக்கிற நாட்களில் எந்தக் கூட்டமும் வைக்காதீர்கள், ஆள் வராது.

மூன்று வாரத்தை நான் இப்படிப் பிரிக்கிறேன்: முதல் வாரம் முழுவதும் வாசிப்பு மட்டும், ஒரு வரிகூட எழுதக் கூடாது, இரண்டாம் வாரம் சொல் தேடலும் எதிர்வாதமும், மூன்றாம் வாரத்தின் முதல் நான்கு நாள் எழுதுவதற்கு, மீதி மூன்று நாள் பிறரிடம் காட்டித் திருத்துவதற்கு.

5. வசனத்தை விடுங்கள், முழு நிருபத்தையும் வாசியுங்கள்

கொலோசெயர் நிருபம் நான்கே அதிகாரம். சத்தமாக வாசித்தாலும் அரை மணிக்குள் முடியும். முதல் வாரத்தில் அதை ஏழு முறை வாசியுங்கள், ஒரு நாளைக்கு ஒரு முறை, ஒரு நாள் பழைய திருப்புதல், மறுநாள் திருவிவிலியம் என்று மாற்றி மாற்றி. மூன்றாம் நாளுக்கு மேல்தான் எனக்கு ஒன்று கண்ணில் பட்டது. 1:15இல் "சர்வ சிருஷ்டிக்கும் முந்தின பேறுமானவர்" என்று சொன்ன பவுல், அப்படிச் சொன்னதற்குக் காரணத்தை 16ஆம் வசனத்தில் "ஏனென்றால்" என்று தொடங்கித் தாமே கொடுக்கிறார்: அவருக்குள் சகலமும் சிருஷ்டிக்கப்பட்டது. 17இல் அவர் எல்லாவற்றிற்கும் முந்தினவர், எல்லாம் அவருக்குள் நிலைநிற்கிறது என்கிறார். அவர் சிருஷ்டிகளில் ஒருவர் என்பது 15இன் பொருளானால், 16 அதற்குக் காரணமாக நிற்கவே முடியாது. சகலத்தையும் படைத்தவர் அந்தச் சகலத்துக்குள் ஒன்றாக இருப்பது எப்படி? இந்த இடத்தில்தான் ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்று "மற்ற எல்லாம்" என்று ஒரு சொல்லைச் சேர்த்திருக்கிறது. அந்த "மற்ற" கிரேக்க மூலத்தில் இல்லை.

இந்த ஒரு "ஏனென்றால்" எனக்கு மதுரை நூலகத்தில் கிடைக்கவில்லை. என் வீட்டுத் திண்ணையில், மாலை ஐந்து மணிக்கு, ஐந்தாவது வாசிப்பில் கிடைத்தது.

6. தமிழ்ச் சொல்லை வைத்து வாதாடுவதற்கு முன் மூலச்சொல்லைப் பாருங்கள்

அதிகக் கவனம் தேவைப்படுகிற படி இதுதான், மிகுந்த பலன் தருவதும் இதுவே. "முந்தின பேறு" என்று ஒத்தவாக்கிய நூலில் தேடினால் ஒன்றிரண்டு இடம்தான் கிடைக்கும். காரணம், ஒரே கிரேக்கச் சொல்லை நம் மொழிபெயர்ப்பாளர்கள் இடத்துக்கு இடம் வேறு தமிழாக்கி இருக்கிறார்கள். கொலோசெயர் 1:15இல் "முந்தின பேறு". மூன்று வசனம் தள்ளி 1:18இல் அதே சொல் "முதற்பேறு". அந்தச் சொல் புரோட்டோடோகோஸ், ஸ்ட்ராங் எண் 4416. புதிய ஏற்பாட்டில் எட்டு இடங்களில் வருகிறது. மத்தேயு 1:25இல் சில பிரதிகளில் இருப்பதையும் சேர்த்தால் ஒன்பது. ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதினேன்.

பிறகு பழைய ஏற்பாட்டுக்குப் போனேன். அங்கே நேரான எபிரெயச் சொல் பெகோர், எண் 1060. இங்கே தமிழ் இன்னும் மாறுகிறது. யாத்திராகமம் 4:22இல் இஸ்ரவேல் தேவனுடைய "சேஷ்டபுத்திரன்", அதாவது மூத்த குமாரன். இஸ்ரவேலுக்கு முன்பே எத்தனையோ ஜாதிகள் பூமியில் இருந்தன. எரேமியா 31:9இல் எப்பிராயீம் சேஷ்டபுத்திரன். ஆனால் ஆதியாகமம் 41:51இன்படி மூத்தவன் மனாசே. சங்கீதம் 89:27இல் தேவன் தாவீதைத் தமக்கு முதற்பேறானவனாக்குவேன் என்கிறார். ஈசாயின் பிள்ளைகளில் தாவீது எல்லாருக்கும் இளையவன் என்று 1 சாமுவேல் 16:11 சொல்கிறது. அந்தச் சங்கீத வசனமே, பூமியின் ராஜாக்களைப்பார்க்கிலும் மகா உயர்ந்தவன் என்று தொடர்ந்து, சொல்லின் பொருளை விளக்கிவிடுகிறது. மூத்தவனுக்கு உரிய ஸ்தானம், சுதந்தரம், தலைமை ஆகியவையும் இந்தச் சொல்லுக்குள் அடங்கும் என்பது இதனால் நிரூபணமாகிறது. "முந்தின பேறு" என்ற தமிழை மட்டும் பிடித்துக்கொண்டு, முதலில் பிறந்தது என்றால் படைக்கப்பட்டது என்று வாதாடுகிறவருக்கு, "பேறு"ம் "படைப்பு"ம் ஒன்றல்ல என்று சொல்லவும் மறக்காதீர்கள்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. சில இடங்களில் அதே சொல் சாதாரணமாக முதலில் பிறந்த பிள்ளையைத்தான் குறிக்கும், லூக்கா 2:7 போல. அவற்றை மறைத்துவிட்டு உங்களுக்குச் சாதகமானவற்றை மட்டும் எழுதினால், எதிரில் இருப்பவர் நோட்டைப் பிடுங்கி அதைத்தான் முதலில் வாசிப்பார். இரண்டு பொருளும் உண்டு, இந்த இடத்தில் எது என்று 16ஆம் வசனம் தீர்க்கிறது என்று எழுதுங்கள்.

பழைய தமிழே நம்மை ஏமாற்றுகிற இடங்களும் உண்டு. 1 பேதுரு 3:15இல், விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் "உத்தரவு சொல்ல" ஆயத்தமாயிருங்கள் என்று வருகிறது. எங்கள் வாலிபர் கூட்டத்தில் ஒரு தம்பி அதை, கட்டளை போட வேண்டும் என்றே புரிந்துகொண்டிருந்தான். அவன் பேசுகிற விதமும் அப்படித்தான் இருந்தது. அங்கே உத்தரவு என்பது மறுமொழி, பதில். கூடவே "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" என்றும் இருக்கிறது.

7. பலவீனமான ஆதாரத்தை நீங்களே முதலில் களைந்துவிடுங்கள்

நான் தலைகுனிந்த இடத்துக்கு வருகிறேன். 1 யோவான் 5:7இல் பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என்று மூவரைச் சொல்லுகிற வரி பழைய கிரேக்கப் பிரதிகளில் காணப்படுவதில்லை. கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட எராஸ்மஸ் 1516, 1519 பதிப்புகளில் அதைச் சேர்க்கவில்லை. 1522 பதிப்பில்தான் சேர்த்தார். அதிலிருந்து வந்த மூலத்தைப் பின்பற்றிய மொழிபெயர்ப்புகளில் அது இருக்கிறது, பின்னால் வந்தவற்றில் இல்லை. இதைச் சொன்னால் சபையில் சில பெரியவர்களுக்கு வருத்தம் வரும், வேதத்திலிருந்து எடுத்துப்போடுகிறாயா என்பார்கள். பவுலும் யோவானும் எழுதாததைக் காவல் காப்பது வேதத்தைக் காப்பது ஆகாது என்று பணிவாகச் சொல்லுங்கள். திரித்துவ உபதேசம் அந்த ஒரு வரியில் தொங்கவில்லை. அதற்குப் பதிலாக யோவான் 1:1–3, 20:28, எபிரெயர் 1:8–12, மத்தேயு 28:19 ஆகியவற்றில் நில்லுங்கள். யோவான் 1:3 மட்டுமே போதும் என்றுகூட நான் சொல்வேன்: உண்டானதொன்றும் அவராலேயல்லாமல் உண்டாகவில்லை என்றால், அவர் உண்டானவைகளின் பட்டியலில் இல்லை.

யோவான் 1:1இல் கிரேக்கத்தில் "தேவன்" என்பதற்கு முன் சுட்டுச்சொல் (ஆங்கிலத்தில் "the" போன்றது) இல்லாததால் "ஒரு தேவன்" என்றே பொருள் என்று சொல்வார்கள். அதே அதிகாரத்தில் 6, 12, 13, 18 ஆகிய வசனங்களிலும் பிதாவைக் குறிக்கிற அந்தச் சொல்லுக்கு முன் சுட்டுச்சொல் இல்லை. அங்கே "ஒரு தேவனால்" அனுப்பப்பட்ட யோவான் என்று எவரும் மொழிபெயர்ப்பதில்லை.

உவமைகளிலும் கவனம் தேவை. ஐஸ் கம்பெனிக்காரன் என்பதால், ஐஸ், தண்ணீர், ஆவி மூன்றும் ஒன்றே என்று பல ஆண்டு ஞாயிறுபள்ளியில் நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அது திரித்துவம் அல்ல. ஒருவரே மூன்று வேஷம் மாறி வருகிறார் என்ற பழைய துர்உபதேசம். மத்தேயு 3:16, 17இல் குமாரன் ஆற்றிலிருந்து கரையேறுகிறார், ஆவியானவர் புறாவைப்போல் இறங்குகிறார், பிதா வானத்திலிருந்து பேசுகிறார், மூவரும் ஒரே வேளையில். ஒரே பாளம் ஐஸ் அதே வேளையில் தண்ணீராகவும் ஆவியாகவும் இருக்காது. உவமை இல்லாமலே உபதேசத்தைச் சொல்லப் பழகுங்கள், வறட்சியாகத்தான் இருக்கும், ஆனால் பிழையாக இருக்காது.

இன்னொரு உள்ளூர்க் குழப்பம்: விசுவாசம், கிரியை பற்றிய கேள்வியில் யாக்கோபு நிருபத்தை எடுத்தவுடன், வேர்க்காட்டு சந்தியாகப்பர் எழுதியதுதானே என்று இங்கே கேட்பார்கள். சந்தியாகப்பர் செபெதேயுவின் குமாரன் யாக்கோபு. அவரை ஏரோது பட்டயத்தால் கொன்றதாக நடபடிகள் 12:2 சொல்கிறது. நிருபத்தை எழுதியவர் கர்த்தருடைய சகோதரனாகிய யாக்கோபு என்பதே சபையில் பெரிதும் ஏற்கப்பட்டு வந்த கருத்து. ஆளைக் குழப்பிக்கொண்டு வாதத்தைத் தொடங்கினால் அங்கேயே பாதி மரியாதை போய்விடும்.

8. எதிர்வாதத்தை அவர் ஒப்புக்கொள்ளும்படி எழுதுங்கள்

நோட்டின் இடப்பக்கத்தில் அவர்களுடைய வாதத்தை, அவர்களே வாசித்தால் "ஆம், இதைத்தான் சொல்கிறோம்" என்று தலையசைக்கும் விதத்தில் எழுதுங்கள். வலப்பக்கத்தில் உங்கள் பதில். அவர்கள் நீதிமொழிகள் 8:22, வெளிப்படுத்தின விசேஷம் 3:14, யோவான் 14:28 ஆகிய மூன்றையும் கட்டாயம் கொண்டுவருவார்கள்.

நீதிமொழிகளில் பேசுவது ஞானம், ஒரு பெண்ணைப்போல 9ஆம் அதிகாரத்தில் வீடு கட்டி விருந்து வைக்கிறது. கவிதையை உபதேச வரையறையாக எடுக்கக் கூடாது. வெளிப்படுத்தின விசேஷம் 3:14இல் சிருஷ்டிக்கு "ஆதி" என்ற அதே சொல் 21:6இல் தேவனுக்கும் வருகிறது. அங்கே தேவன் முதலில் படைக்கப்பட்டார் என்று யாரும் சொல்வதில்லை. இவை இரண்டும் எளிது.

யோவான் 14:28 எளிதல்ல. "என் பிதா என்னிலும் பெரியவராயிருக்கிறார்" என்று கர்த்தரே சொல்கிறார். தம்மைத்தாமே வெறுமையாக்கி அடிமையின் ரூபமெடுத்த நிலையில் பேசுகிறார் என்று பிலிப்பியர் 2:6–8ஐக் கொண்டு சொல்லலாம், சபையின் பெரிய ஆசிரியர்கள் பலர் அப்படியே சொன்னார்கள். வேறு சிலர் குமாரன் பிதாவினிடத்திலிருந்து ஜெநிப்பிக்கப்பட்டவர் என்ற உறவின் வரிசையைக் குறிப்பதாக எடுத்தார்கள். இரண்டும் நிசேயாவுக்கு உட்பட்டவையே. நான் முதலாவதைத் தெரிந்துகொண்டேன், ஏனென்றால் அந்த அதிகாரம் முழுவதும் அவர் பிதாவினிடத்திற்குப் போவதைப் பற்றியே பேசுகிறது. இப்படி இரண்டு விளக்கம் இருக்கிறது என்பதை எழுத்தில் ஒப்புக்கொண்டதற்காக என் மதிப்பு குறையவில்லை.

9. ஒரே தாளில் எழுதி, கொடுப்பதற்கு முன் இருவரிடம் காட்டுங்கள்

நோட்டு எவ்வளவு நிறைந்திருந்தாலும், கொடுக்கிற பதில் ஒரு தாளின் இரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. மேலே கேள்வி, கேட்டவரின் சொற்களில், பிறகு பகுதியின் ஓட்டம், பிறகு மூலச்சொல், பிறகு அவர்களுடைய வலுவான வாதமும் அதற்கு மறுமொழியும், கடைசியில் விசுவாசப் பிரமாணத்தில் இதற்குரிய பகுதி. பிரமாணத்தை முதலில் வைத்தால், மனிதர் எழுதியதைக் காட்டுகிறாய் என்று பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

முதலில் உங்கள் ஐயரிடமோ பாஸ்டரிடமோ காட்டுங்கள். சபையின் பெயரில் கொடுக்கப்போகிறீர்கள் என்றால் அவருடைய சம்மதம் கட்டாயம். என் தாள் அவருடைய மேசையில் ஒன்பது நாள் கிடந்தது, ஆகவே அந்தத் தாமதத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவதாக, சபைக்குப் புதிதாக வந்த ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அவருக்கு எந்த வரி விளங்கவில்லையோ அந்த வரி உங்களுக்கே சரியாக விளங்கவில்லை என்று அர்த்தம்.

10. கொடுக்கிற நாள்

வீட்டில், பெண்களும் பிள்ளைகளும் இருக்கும்போது, பகலில் கொடுங்கள். தாளை வாசிக்க நேரம் விடுங்கள். கூட நான்கு பேரைப் பட்டாளம்போல் அழைத்துக்கொண்டு போகாதீர்கள், ஒருவர் போதும். குரல் உயர்ந்தால் பேச்சை நிறுத்திவிட்டு இன்னொரு நாள் குறியுங்கள். யூடியூப் பிரசங்கத் துண்டு எதையும் காட்டாதீர்கள், அது முழுவதும் ஓடி முடிவதற்குள் கேள்வியே மறந்துபோகும்.

கொடுத்த தாளின் ஒரு பிரதியில் தேதியும் கேட்டவர் சொன்ன மறுப்பும் எழுதி நோட்டிலேயே ஒட்டி வையுங்கள். வந்த இருவரும் என் தாளை வாங்கிக்கொண்டு போனார்கள், பதில் எழுதி அனுப்புவதாகச் சொன்னார்கள், இன்னும் வரவில்லை. என் தங்கை கணவர் அதை லேமினேஷன் செய்து படகில் வைத்திருக்கிறார். சென்ற தடைக்காலத்தில் அவரே ஒரு கேள்வியோடு வந்தார்: மாற்கு 13:32இல் அந்த நாளைக் குமாரனும் அறியார் என்று இருக்கிறதே, அது எப்படி என்று. கேள்வியை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன், மூன்று வாரம் கேட்டிருக்கிறேன்.